எசப்பாட்டும் இல்லறமும்: ஊவாத் தோட்டங்களின் இருகுரல் மரபு

மலையக நாட்டார் பாடல் என்றதும் தாலாட்டும் ஒப்பாரியும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று பாடும் எசப்பாட்டுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாக மொனராகலை வரையுள்ள தோட்டங்களின் காதலையும் இல்லறத்தையும் அறிய அதைவிட நேரான வழி இல்லை.

சி. வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். சாரல்நாடன் 'மலையக வாய்மொழி இலக்கியம்' எழுதினார். இவர்கள் உழைத்திராவிட்டால் பல பாடல்கள் பாடியவர்களோடு போயிருக்கும். இப்பாடல்களில் மச்சானும் மாமன் மகளும் கொஞ்சுவதோடு நிற்பதில்லை. கங்காணியின் கெடுபிடியும் அரைப்பேர் (அரைநாள் கூலி) விழுந்த நாளின் கசப்பும் காதல் பேச்சுக்குள்ளேயே வந்துவிடுகின்றன. அச்சில் வரிகள் நிற்கின்றன. எதிர்க்குரலின் வேகம் நிற்பதில்லை.

அந்த வேகத்தை முழுதாகக் கேட்க காமன் கூத்துக்குப் போக வேண்டும். மாசி வளர்பிறையில் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, ரதிக்கும் காமனாகிய மதனுக்கும் கலியாணம் நடக்கும். சிவனின் தவத்தைக் கலைக்க மதன் புறப்படும்போதுதான் கூத்தின் உயிர் இருக்கிறது. கெட்ட கனவு கண்ட ரதி போகாதே என்கிறாள். மதன் கடமையைச் சொல்கிறான். அவள் மறுக்க, அவன் மறுக்க, தர்க்கம் பாட்டாகவே நீள்கிறது. ரதி வேடம் கட்டியவரும் ஆண்தான். ஆனாலும் சிவனின் கோபத்தில் மதன் எரிந்தபின் அவர் புலம்பும்போது லயத்துப் பெண்கள் கூடவே அழுவார்கள். கணவனுக்குச் சரிசமமாக வாதாடும் மனைவியை ஊர் கூடிக் கேட்கும் இடம் இது.

கூத்துக்கு வெளியே, தொழிற்சங்க மேடையிலும் கணவனுக்குச் சரிசமமாக நின்ற மனைவி ஒருவர் இருந்தார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யர் பேசிய கூட்டங்களில் அவர் மனைவி மீனாட்சி அம்மையார் பாடினார். 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற பாடல் நூலையும் வெளியிட்டார். அவர் பேச்சு, இவர் பாட்டு, வேலை ஒன்றே.

கணவனும் மனைவியும் இருகுரலில் பாடுவது வேறு நாட்டிலும் உண்டு. அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பாடகர்கள் ஜார்ஜ் ஜோன்ஸும் டாமி வைனெட்டும் 1969இல் மணந்து, 1971இல் 'வி கோ டுகெதர்' என்ற இசைத்தட்டைத் தந்தார்கள். 1975இல் மணமுறிவு ஏற்பட்ட பிறகும் சேர்ந்து பாடினார்கள். அவர்களின் ஊடலும் கூடலும் இசைத்தட்டில் இருப்பதால் இன்றும் யாரும் கேட்கலாம். நம் ரதி மதன் தர்க்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. இளையோர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட, பாட்டு அறிந்த கூத்து வாத்தியார்களுக்கு வயதாகிறது.

ஊவாவின் ஆசிரியர்களும் இளைஞர்களும் இந்த மாசியிலேயே தொடங்கலாம். கைபேசி போதும். துண்டு துண்டாக அல்ல, கூத்து நடக்கும் இரவு முழுவதையும் பதியுங்கள். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். இரண்டு குரலும் இருந்தால்தான் அது எசப்பாட்டு.