கொன்றது யார் என்ற 17 ஆண்டு விசாரணை

ராபர்ட் ஜோர்டனின் ‘தி வீல் ஆஃப் டைம்’ நாவல் வரிசையில் ஐந்தாம் பாகம் 1993இல் வந்தது. அதன் கடைசிப் பக்கங்களில் அஸ்மோடியன் என்ற வில்லன் அரண்மனைக்குள் ஒரு சிறு கதவைத் திறக்கிறான். எதிரே நிற்பவரைக் கண்டு அதிர்கிறான். அந்தக் கணமே செத்துப்போகிறான். நின்றது யார் என்று ஜோர்டன் எழுதவில்லை. தடயங்கள் நூலுக்குள்ளேயே இருக்கின்றன என்று மட்டும் சொல்லிவந்தார். வாசகர்கள் 17 ஆண்டுகள் இந்தக் கொலையைத் துருவினார்கள்.

வேலையற்றவர்களின் வேலை என்று இதை ஒதுக்க என்னால் முடியாது. இதே வரிசையில் வரும் வெரின் என்பவளின் விஷயத்தைப் பாருங்கள். அவள் ஓர் ஐஸ் செடாய். ஐஸ் செடாய் என்ற மந்திரப் பெண்கள் பொய் பேச முடியாதபடி சத்தியத்தால் கட்டப்பட்டவர்கள். 1990இல் வந்த இரண்டாம் பாகத்தில், இன்னொரு ஐஸ் செடாயான மொய்ரேன்தான் தன்னை அனுப்பினாள் என்று வெரின் போகிறபோக்கில் சொல்கிறாள். தான் அனுப்பவில்லை என்பது பின்னொரு பாகத்தில் மொய்ரேன் வாயாலேயே தெரியவருகிறது. ஒரே ஒரு வரிதான். சத்தியம் வெரினைக் கட்டவில்லை என்றால், அவள் இருளுக்கு ஊழியம் செய்யும் கறுப்பு அஜாவைச் சேர்ந்தவளாக இருக்க வேண்டும் என்றது ஒரு கட்சி. அவள் செய்வதெல்லாம் கதைநாயகன் ராண்டுக்கு நன்மையாகத்தானே முடிகிறது என்றது மறுகட்சி. ஜோர்டன் 2007இல் காலமானபின், அவர் குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் சாண்டர்சன் எழுதிய ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ 2009இல் விடை சொன்னது. இரண்டும் உண்மை. சாவுக்கும் கறுப்பு அஜாவுக்கும் நடுவே நிறுத்தப்பட்டு உள்ளே போனவள், எழுபது ஆண்டுகளாக அவர்களையே வேவு பார்த்திருக்கிறாள். சாகும் வேளைவரை காட்டிக்கொடுப்பதில்லை என்பது அவளிடம் வாங்கப்பட்ட சபதம். அதனால் நஞ்சைக் குடித்துவிட்டு, எஞ்சிய கொஞ்ச நேரத்தில் எக்வீன் என்ற இளம் ஐஸ் செடாயிடம் எல்லாவற்றையும் ஒப்படைக்கிறாள். அந்த ஒற்றைப் பொய்யைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் மல்லுக்கட்டிய வாசகருக்கு இக்காட்சி தரும் வலி, மேலோட்டமாகப் படித்து வந்தவருக்குக் கிடைத்திருக்காது.

அதே கூர்மை கெடுதலும் செய்திருக்கிறது. டெமாண்ட்ரெட் என்ற வில்லன்தான் மஸ்ரிம் டைம் என்பவனாக வேடமிட்டுத் திரிகிறான் என்று ஒரு கணிப்பு எழுந்தது. ஜோர்டனே மறுத்தார். வாசகர்கள் கண்டுபிடித்துவிட்டதால் கதையை மாற்றிக்கொண்டார் என்றார்கள் சிலர்! எழுதியவரின் மறுப்பையும் சான்றாக்கிக்கொள்ளும் கணிப்பை எதைக்கொண்டு வீழ்த்துவது? 2013இல் வந்த இறுதிப் பாகத்தில் டெமாண்ட்ரெட் ஷாரா என்ற தூர தேசத்துப் படையோடு வந்து சேர்ந்தான். முந்தைய யுகத்தின் நாயகனான லூஸ் தெரினுக்கு அடுத்த இடத்திலேயே வாழ்நாளெல்லாம் நிற்க நேர்ந்த பொறாமையே அவனை இருள் பக்கம் தள்ளியது. அந்தப் பொறாமையைவிட அவன் எந்த முகமூடியில் ஒளிந்திருக்கிறான் என்பதே பெரிய கேள்வியாகிப்போனது.

அஸ்மோடியனுக்கு நேர்ந்தது இன்னும் மோசம். அவன் ஓர் இசைக்கலைஞன். இளம் வயதிலேயே மேதை என்று பாராட்டப்பட்டு, எதிர்பார்த்த உயரத்தை எட்டாமல் போனவன். முடிவில்லாமல் இசைத்துக்கொண்டே இருக்க ஆயுள் வேண்டும் என்பதற்காக இருளுக்கு விலைபோனான். பின்பு ராண்டிடம் பிடிபட்டு, பாணன் வேடத்தில் அவனுக்கு வித்தை கற்பிக்கிறான். அவன் திருந்திக்கொண்டிருந்தானா, போக்கிடமில்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தானா? எனக்கு இதுதான் இந்த வரிசையின் ஆகச் சிறந்த கேள்விகளில் ஒன்று. விவாதமோ அரண்மனைக்குள் அப்போது யார் வந்திருக்க முடியும் என்ற கணக்கிலேயே சுற்றியது. 2010இல் இதே வரிசையில் வந்த ‘டவர்ஸ் ஆஃப் மிட்நைட்’ நூலின் பின்னிணைப்புச் சொல்லடைவு கொலையாளியின் பெயரைச் சொன்னது: கிரேண்டால் என்ற வில்லி. வழக்கு முடிந்தது.

அந்தக் கதவுக்குச் சற்று முன்பு, அதே நாளில், அஸ்மோடியன் ஏற்கெனவே ஒருமுறை செத்திருக்கிறான். ராவின் என்ற இன்னொரு வில்லன் ஏவிய மின்னலில் மாண்டவனை, ராவினைக் காலத்தின் இழையிலிருந்தே எரித்தழித்து ராண்டு மீட்டிருந்தான். சாகாவரம் தேடித் தன்னை விற்றவனை ஜோர்டன் ஒரே நாளில் இருமுறை கொல்கிறார். கொலையாளிக்காக அந்தக் கடைசிப் பக்கங்களை வரிவரியாகச் சலித்தவர்கள் எல்லோரும் இதையும் கடந்துதான் போயிருக்கிறார்கள்.