ஆட்டோ பொத்தானும் 20 மில்லிவோல்ட்டும்

கோவில்பட்டிக் கரிசலில் மானாவாரிப் பருத்தி போட்டவர்களுக்குக் காய்ப்புழுவையும் தெரியும், அதற்கு அடிக்கிற பைரித்ராய்டு மருந்தையும் தெரியும். 1987இல் ஆந்திரப் பருத்திக் காட்டில் அந்த மருந்து காய்ப்புழுவிடம் எடுபடாமல் போனது. காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். புழுவின் உடலே மருந்தைச் சிதைத்துவிடலாம். அல்லது மருந்து போய்ப் பிடிக்கிற, நரம்புச் செல்லின் சோடியம் வாய்க்காலே மாறியிருக்கலாம். இந்த இரண்டாவது ஐயத்தை நேராகச் சோதிக்கும் முறை பேட்ச் கிளாம்ப்: கண்ணாடிப் பிப்பெட்டின் முனையைச் செல்லில் ஒட்டி, சவ்வின் வோல்டேஜை நிறுத்திவைத்து, வாய்க்கால் வழி பாயும் மின்னோட்டத்தை அளப்பது. 1976இல் விஞ்ஞானிகள் நேயரும் சக்மானும் உருவாக்கி, 1991இல் நோபல் பெற்ற முறை அது. அதற்கான இன்றைய ஆம்ப்ளிஃபையர்களில், செல்லின் மின்தேக்கத்தையும் பிப்பெட்டின் தொடர் மின்தடையையும் ஈடுசெய்யும் திருகு குமிழ்கள் பெரும்பாலும் திரைக்குள் போய்விட்டன. ‘ஆட்டோ’ என்று ஒரு பொத்தான், அழுத்தினால் எல்லாம் சரி. அந்த ‘எல்லாம் சரி’யில்தான் எனக்குச் சந்தேகம்.

பொத்தானைக் குறைசொல்லிப் பயனில்லை. டெஸ்ட் பல்ஸ் கொடுத்ததும் எழும் கூர்முனையை அளந்து செல்லின் மின்தேக்கத்தைக் கணக்கிடுவதில் அது மனிதக் கண்ணைவிடத் துல்லியம். ஆளுக்கு ஆள் மாறாது. காய்ப்புழுவின் நரம்பு முடிச்சிலிருந்து பிரித்த உருண்டைச் செல்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஆனால் மின்தேக்க ஈடு திரையிலுள்ள கூர்முனையைத்தான் அழிக்கிறது. செல் அதே மந்தகதியில்தான் மின்னேற்றம் பெறுகிறது. படம் சுத்தமானதால் அளவும் சுத்தம் என்று நம்புவதே இந்தப் பழக்கத்தின் பெரிய ஓட்டை.

மிச்சமிருப்பது பிப்பெட் முனையின் தொடர் மின்தடை. தூரத்துக் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய ஒயர் இழுத்தவருக்கு இது புரியும்: மோட்டார் ஓடாதவரை வோல்டேஜ் சரியாக இருக்கும், ஓடத் தொடங்கியதும் ஒயரிலேயே இறங்கிவிடும். 10 மெகா ஓம் தடையில் 2 நானோ ஆம்பியர் சோடியம் மின்னோட்டம் உள்ளே பாய்ந்தால் பிழை 20 மில்லிவோல்ட். திரையில் −30 மில்லிவோல்ட் என்றிருக்கும்போது சவ்வு −10இல் நிற்கும். வாய்க்கால் உண்மையைவிட எளிதாகத் திறப்பதுபோல் தோன்றும். டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்து செய்வதாகச் சொல்லப்படும் மாற்றமும் இதே திசையில்தான்! மருந்தின் வேலை எது, மின்தடையின் வேலை எது என்று வரைபடம் தானாகப் பிரித்துக் காட்டாது.

ஒரே செல்லில் மருந்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் பிழை கழிந்துபோகும் என்பார்கள். கழியாது. பிழை மின்னோட்டத்தோடு கூடிக் குறைவது. மருந்து மின்னோட்டத்தை மாற்றினால் பிழையும் மாறும். போதாக்குறைக்கு, பதிவு நீள நீள முனை அடைபட்டுத் தடை ஏறும். தொடக்கத்தில் ஒருமுறை அழுத்திய பொத்தானுக்கு அது தெரியாது. அப்படியானால் தொடர் மின்தடை ஈட்டை 95 விழுக்காட்டுக்கு ஏற்றிவிடலாமே என்றால், சுற்று தானே அலைபாயத் தொடங்கிச் செல்லைக் கிழித்துவிடும். 80 விழுக்காட்டில் நிறுத்தினால் 4 மில்லிவோல்ட் மிஞ்சும், அதைச் சகிக்கலாம். அதைவிட நல்ல வழி ஆம்ப்ளிஃபையருக்கு வெளியே இருக்கிறது: அகன்ற முனைப் பிப்பெட், வெளிக்கரைசலில் குறைந்த சோடியம். மின்னோட்டமே சிறுத்தால் ஈடுசெய்ய வேண்டியதும் சிறுக்கும். பொத்தானை அழுத்தட்டும், ஆனால் ஒவ்வொரு மருந்தளவுக்குப் பிறகும் தடையை மறுபடி அளந்து, மிஞ்சிய பிழையை முடிவுகளோடு சேர்த்து எழுதாத பதிவை வைத்து எதிர்ப்புத்திறன் வாய்க்காலில் இருக்கிறது என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது.