மீன் தொட்டியான டெயில் லேம்ப்

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை. பக்கத்து வீட்டுப் பையன் என் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு, "அங்கிள், இதுல மீன் விடலாமா?" என்றான். இடப்பக்க டெயில் லேம்ப்பின் அடியில் ஒரு விரற்கடைத் தண்ணீர். பிரேக்கை மிதித்தால் சிவப்பாகத் தளும்பியது. கார் பத்து வயதான ஹேட்ச்பேக். புது அசெம்பிளிக்குப் பணம் போடும் முன், ஆளாளுக்குச் சொல்லும் வைத்தியங்களைச் செய்து பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

உள்ளே லேசாக மூட்டம் படிந்து, விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் கலைந்துவிட்டால் அது கோளாறே இல்லை. 21 வாட் பிரேக் பல்பு எரியும்போது உள்ளேயிருக்கும் காற்று சூடாகி விரியும். அது போய்வருவதற்காக லேம்ப்பின் முதுகில் ஒரு மூச்சுத்துளை உண்டு. வளைந்த ரப்பர் குழாயோ, காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் சவ்வோ அதைக் காக்கும். எல்இடி விளக்கில் சூடு குறைவு என்பதால் மூட்டம் கலைய நேரமாகும். ஆனால் தண்ணீர் தேங்கினால் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று பொருள். சூடான லேம்ப்பில் மழை கொட்டும்போது உள்காற்று சட்டென்று சுருங்கி, விரிசல் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும்.

வைத்தியம் 1: சிலிக்கா ஜெல். தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, செருப்புப் பெட்டியில் வரும் பொட்டலங்களில் இரண்டை உள்ளே போட்டேன். இரண்டு நாள் பளிச்சென்று இருந்தது. மூன்றாம் நாள் மழையில் பொட்டலங்களே ஊறிக் கிடந்தன. மிச்ச ஈரத்தை வாங்க உதவும், ஒழுக்கை நிறுத்தாது. எரியும் பல்பில் பொட்டலம் ஒட்டாமல் பார்ப்பது தனிக் கவலை.

வைத்தியம் 2: துளை. "அடியில 3 எம்எம் துளை போட்டா தானா வடிஞ்சுரும் சார்" என்றார் மெக்கானிக். என் லேம்ப்பில் கைவைக்க மனம் வரவில்லை. புதுப்பேட்டையில் வாங்கிய உடைசல் லேம்ப் ஒன்றில் போட்டுப் பார்த்தேன். வடிந்தது உண்மைதான். கீழிருந்து ஹோஸால் அடித்தபோது அதே துளை வழியாக உள்ளேயும் வந்தது. சாலைப் புழுதியும் அப்படித்தான் வரும், ரிஃப்ளெக்டர் மங்கிவிடும்.

வைத்தியம் 3: சீலன்ட். டிக்கிக்குள் இரண்டு நட்டுகளை மறுபடி கழற்றியதும் லேம்ப் கையோடு வந்தது. பின்னாலிருந்த ஃபோம் வாஷர் அப்பளமாக நொறுங்கியது. ஸ்டெப்னிக் குழியில் நெடுநாளாக இருந்த ஈரத்துக்கும் காரணம் இதுவே.

ஒழுக்கைக் கண்டுபிடித்தது பஞ்சர் கடை முறையில். ஹோல்டர்களை மாட்டியபடியே விட்டு, விளிம்பெல்லாம் சோப்பு நுரை தடவி, மூச்சுத்துளையில் குழாய் வைத்து ஊதினேன். மேல் மூலையில், லென்ஸும் உடலும் சேரும் இடத்தில், குமிழ் கிளம்பியது. மயிரிழை விரிசல், 2 செ.மீ. நீளம்.

ஹெட்லைட்டைச் சூடாக்கித் திறப்பதுபோல் இதைத் திறக்க முயலாதீர்கள். டெயில் லேம்ப்பில் பெரும்பாலும் லென்ஸை உடலோடு உருக்கி ஒட்டியிருப்பார்கள். 100 டிகிரியை நெருங்கினாலே பிளாஸ்டிக் இளகும். ஹோல்டர்களைக் கழற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டால் போதும். தின்னர், பெட்ரோல் தொட்டுத் துடைத்தால் அக்ரிலிக் லென்ஸ் நுண்விரிசல் விடும். சோப்புத் தண்ணீரே நல்லது.

சீலன்ட் வாங்கும்போது வினிகர் வாடை அடிப்பதைத் தவிர்க்கவும். காயும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்புத் தொடர்புகளை அரிக்கும். 'நியூட்ரல் க்யூர்' என்று கேட்டு வாங்குங்கள். விரிசலின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் மெல்லிய கோடாகப் பிதுக்கி, விரலால் அழுத்தி, 24 மணி நேரம் தொடாமல் விட்டேன்.

இங்கேதான் சறுக்கினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மூச்சுத்துளையையும் அடைத்துவிட்டேன். மறுநாள் காலை லென்ஸ் முழுக்க, வெந்நீர் பிடித்த குளியலறைக் கண்ணாடி போல மூட்டம். மாட்டிக்கொண்ட ஈரம் போக வழியில்லை. அடைப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, இன்னொரு நாள் காயவைத்தேன்.

பிறகு 15 நிமிடம் ஹோஸ் அடித்தேன், ஒரு முறை வாட்டர் வாஷ் விட்டேன், கார்த்திகை மழையும் பெய்து ஓய்ந்தது. காலையில் கொஞ்சம் மூட்டம், தெருமுனை தாண்டும்போது அதுவும் இல்லை.

தீர்ப்பு: சிலிக்கா ஜெல் 5-க்கு 2, துளை 1, ஒழுக்கு பார்த்துப் போட்ட சீலன்ட் 4. அரை நாள் வேலையும் இரண்டு நாள் வெயிலும் கேட்பதால் ஒரு மதிப்பெண் குறைத்தேன். ஹோல்டர் தொடர்புகள் பச்சை பூத்திருந்தாலோ, எல்இடி சர்க்யூட் நனைந்திருந்தாலோ இந்த வேலையில் இறங்காமல் அசெம்பிளியை மாற்றிவிடுங்கள்.

மீதிச் சீலன்ட்டை மூடி வைத்திருக்கிறேன். வலப்பக்க லேம்ப்புக்கும் அதே பத்து வயதுதான்.