பரவை முனியம்மா: பாட்டும் பாட்டி வேடமும்

பரவை முனியம்மா (இறப்பு: மார்ச் 29, 2020) தமிழ் நாட்டுப்புறப் பாடகர், திரைப்பட நடிகர். மதுரையை அடுத்த பரவை இவரது ஊர். கோயில் விழா மேடைகளில் நெடுங்காலம் பாடியவர். தரணி இயக்கி, 2003 பொங்கலுக்கு வெளியான ‘தூள்’ திரைப்படம் வழியாகத் தமிழகமெங்கும் அறியப்பட்டார். அப்போது அறுபது வயதை நெருங்கியிருந்தார்.

திரையிசை

‘தூள்’ படத்தில் வித்யாசாகர் இசையில் இவர் பாடிய பாடல், மதுரை வீரனின் பெயரைச் சொல்லி நாயகனைப் புகழ்வது. விக்ரம் அடியாட்களோடு மோதும் சண்டைக்காட்சியில் ஜோதிகாவின் பாட்டியாக நடித்த முனியம்மாவே நின்று பாடுகிறார். பாடகரைத் திரைக்குப் பின்னால் ஒளித்துவைக்கும் தமிழ் சினிமாவில் இது அரிது.

காவல் தெய்வத்தை வருணித்துப் பாடுவது தென்மாவட்டங்களில் தெய்வத்தை வரவழைக்கும் வழி. சங்கரன்கோவில், பனவடலிசத்திரம் பக்கத்து ஊர்களில் கொடை பார்த்தவர்களுக்கு இது புரியும்: வில்லுப்பாட்டில் சாமியின் கதை ஏற ஏற, சாமியாடியின் உடம்பும் மாறும். ‘தூள்’ அந்தச் சடங்கை அப்படியே எடுத்துக்கொண்டு, சாமி இருந்த இடத்தில் நாயகனை நிறுத்தியது. படம் பார்த்தவர்கள் அரங்கில் எழுந்து ஆடியதற்குத் தாளம் மட்டும் காரணமல்ல. பழகிய ஓர் அழைப்பு அவர்கள் காதில் விழுந்தது. அதை மெருகேற்றிய பின்னணிக் குரலில் கொடுத்திருந்தால் பாதிகூட எடுபட்டிருக்காது. ஒலிபெருக்கி இல்லாமலும் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. சொல்லின் கடைசி அசையைத் தள்ளி எறிவதுபோலப் பாடுவார். சுருதி சற்றே விலகும் இடங்களும் உண்டு. அவை குறையாகத் தோன்றுவதில்லை.

மதிப்பீடு

தமிழ் சினிமா அவரிடம் குரலைக் கேட்டதைவிடப் பாட்டியைத்தான் அதிகம் கேட்டது. சேலையை ஏற்றிச் செருகி, வாய்த்துடுக்காகப் பேசும் கிழவி என்ற ஒரே அச்சு திரும்பத் திரும்ப வந்தது. ‘தமிழ்ப் படம்’ (2010) இந்த அச்சையே கேலி செய்தது: நாயகனை வளர்த்த பாட்டிதான் கடைசியில் தாதாவாக வெளிப்படுகிறார். முனியம்மா அதை முகம் மாறாமல் நடித்துக் கொடுத்தார். அவரது நகைச்சுவைக் காட்சிகளில் ஆகச் சிறந்தது அதுதான்.

பாடகராக அவருக்குக் கிடைத்த மற்றொரு பெரிய வாய்ப்பு ‘மான் கராத்தே’ (2014). அனிருத் இசையில் சிவகார்த்திகேயனோடு ராயபுரம் பீட்டரைப் பற்றிய பாடலைப் பாடினார். துள்ளல் பாப் இசைக்கு நடுவிலும் குரல் அடையாளம் தெரிகிறது. ஆனால் இங்கே அது ஊறுகாய் அளவுதான். இரண்டு பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு புரியும்: முதலாவதில் வாத்தியங்கள் அவரைத் தொடர்கின்றன, இரண்டாவதில் அவர் வாத்தியங்களைத் தொடர்கிறார்.

கொல்லங்குடி கருப்பாயியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. ‘ஆண்பாவம்’ (1985) படத்தில் இளையராஜா இசையில் பாடி, பாட்டியாகவும் நடித்து, அதே பாதையில் முன்னால் நடந்தவர் அவர். இருவருமே முதுமையில்தான் திரைக்கு அழைக்கப்பட்டார்கள். நடுவயதில், குரல் முழு வலுவோடு இருந்த காலத்தில், இவர்களை எந்தத் திரையிசைக் கூடமும் தேடவில்லை. தாலாட்டு, கும்மி, ஒப்பாரி என்று பெண்கள் பாடிவந்த வகைகள் பல இருக்க, முனியம்மா பெயரைச் சொன்னதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது ஒரு சண்டைக்காட்சிப் பாடல்.

இறுதிக்காலம்

கலைஞர் தொலைக்காட்சியில் கிராமத்துச் சமையல் நிகழ்ச்சி நடத்தினார். பிற்காலத்தில் நோயும் வறுமையும் சேர்ந்தன. 2015இல் அவருக்காக 6 லட்சம் ரூபாய் வைப்பாகச் செலுத்தப்பட்டு, மாதந்தோறும் வட்டி கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. கொரோனா ஊரடங்கு தொடங்கிய முதல் வாரத்தில், தமது 76ஆவது வயதில் காலமானார்.