குளோப் அரங்கும் காமன் பொட்டலும்

வட்ட அரங்கு என்றவுடன் கற்றோர் நெஞ்சில் முதற்கண் தோன்றுவது இலண்டன் குளோப் அரங்கேயாம். தேம்சு ஆற்றின் தென்கரையில் 1599ஆம் ஆண்டு எழுந்த அவ்வரங்கிலே சேக்ஸ்பியரின் நாடகங்கள் பல ஆடப்பெற்றன. குளோப் என்பது உலக உருண்டையின் பெயர். ஆங்கில நாட்டில் எமரி மொலினோ என்பார் உலக உருண்டைகளை வெளியிட்டது 1592இல். ஏழாண்டுகளின்பின் ஒரு நாடகசாலை அப்பெயரைத் தாங்கி நின்றது. உலகனைத்தையும் ஒரு வளையத்துள் அடக்கிக் காட்டும் வேட்கை இரண்டிற்கும் பொதுவெனக் கொள்ளலாம்.

ஆயின், அவ்வரங்கு உண்மையில் வட்டமன்று. 1989இல் அதன் அடித்தளத்தில் ஒரு பகுதி வெளிப்பட்டபோது, அது பல பக்கங்களையுடைய கட்டடமென்பது புலனாயிற்று. அதனைப் பின்பற்றி அமைத்து 1997இல் திறக்கப்பெற்ற புதிய அரங்கும் இருபது பக்கங்களை உடையதே. நேரிய மரங்களால் வளைந்த சுவர் எழுப்புதல் எளிதோ? அங்ஙனமாயின் வட்டம் எங்கே இருந்தது? மக்களிடத்தே இருந்தது என்க. மேடை முற்றத்தினுள் நீண்டு நின்றது. அதன் மும்மருங்கிலும் மக்கள் நெருங்கி நின்றனர். மேலே திறந்த வானம். சூழ்ந்து நின்ற அக்கூட்டமே அரங்கிற்கு வடிவு தந்தது.

இவ்வுண்மையைக் கைக்கொண்டு நம்மவர் அரங்கினை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை கூறும் அரங்கு ஏழுகோல் அகலமும் எண்கோல் நீளமும் ஒருகோல் உயரமும் கொண்டது. மூவகை எழினிகளையும் உடையது. அஃது அரசவைக்குரிய நாற்கோண அரங்கு. வட்டத்தைத் தேடுவோர் மக்கள் கூத்தினிடத்தே செல்லல் வேண்டும். மட்டக்களப்பில் அதற்கு வட்டக்களரி என்றே பெயர். மலையகத்தில் அதுவே காமன் பொட்டல்.

தென்னிந்தியாவினின்று வந்த தொழிலாளர் கொணர்ந்த காமன் கூத்து, பொகவந்தலாவை முதலிய தோட்டப் பகுதிகளில் மாசித் திங்களில் நிகழ்வது. லயங்களுக்கு அணித்தான வெளியிலே கம்பம் நடப்பெறும். தப்பு முழங்க, இரதியும் மதனும் அதனைச் சூழ்ந்து ஆடுவர். வீரபத்திரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டே களம் புகுவார். திரையுமில்லை, உயர்ந்த மேடையுமில்லை. ஒருவருக்கு ஆடுவோரின் முகம் தெரியுங்கால் எதிரிலுள்ளார்க்கு முதுகு தெரியும்; அடுத்த சுற்றில் அது மாறும். ஆகலின் முன்வரிசை, பின்வரிசை என்னும் வேற்றுமை ஈண்டு வேரூன்றுதல் அரிது. இவ்விடத்து வட்டம் வெறும் வடிவமன்று. அஃது ஒரு நீதியுமாம்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் ஈழத்துக் கூத்தினைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் அரங்கேறிய 'கர்ணன் போர்' அம்முயற்சியின் விளைவு. கற்றோர் கூத்தினை மதிக்கத் தொடங்கியது அப்பெரியார் ஆற்றிய பணியால் என்பதை மறுத்தல் நன்றியன்று. எனினும், சுற்றி நின்று காண்பதற்கு அமைந்த ஆட்டம் ஒருமுகப் பார்வைக்கு ஒடுங்கிற்று என்பதையும் திறனாய்வாளர் கூறுதல் கடன். பாடசாலை விழாக்களில் காமன் கூத்தினைச் சில நிமிடத் துண்டமாக்கி மேடையேற்றும் நாமும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேடையே கிடைப்பினும், மாணவரை அதினின்று இறக்கி மண்டபத்தின் நடுவே ஆடச் செய்தல் அரிதன்று.

இன்று எஞ்சியுள்ள உலக உருண்டைகளுள் மிகப் பழையது மார்ட்டின் பெஹைம் என்பார் 1492இல் நூரம்பர்க் நகரிற் செய்வித்தது. காண்பதற்கு அது குறைவற்ற உருண்டை. ஆயினும் அமெரிக்கா அதிலே இல்லை. குளோப் அரங்கின் படத்தை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், லயத்து வெளியிலுள்ள வட்டத்தைக் கூறாதுவிடின், அவர் கற்பிக்கும் அரங்க வரலாறும் அவ்வுருண்டையை ஒத்ததே. தோற்றத்தில் முழுமை, உள்ளே ஒரு கண்டம் இல்லை.