கோட்டையும் நூலும்: கற்பிட்டி பற்றிய ஒரு நோக்கு

மதுரங்குளியிலிருந்து வடக்கே செல்லும் புத்தளம் வீதி பாலாவியை அடைந்ததும் மேற்கே ஒரு கிளைவீதி பிரிகிறது. விடுமுறைக்காலப் பயணிகளைக் கற்பிட்டிக் கோட்டைக்கு இட்டுச்செல்வது அவ்வீதியே. பழைய ஊரொன்றில் இடைக்காலக் கோட்டையொன்றைக் கண்ட மனநிறைவுடன் திரும்புவோர் உளர். ஆயின், அது இடைக்காலத்தைச் சேர்ந்ததன்று. ஒல்லாந்தர் 1667இல் தொடங்கி 1676இல் கட்டிமுடித்த வணிக அரண் அது. காலம் பிழைபட உணரப்படுமிடத்து நோக்கமும் பிழைபட உணரப்படும். இடைக்காலக் கோட்டை என்றதும் மன்னனும் படையெடுப்பும் நினைவுக்கு வருகின்றன. கற்பிட்டியிலோ நினைவுகூரத்தக்கவை பாக்கும் துணியும் உப்புமாகும்.

மலைநாட்டரசாகிய கண்டிக்குப் புத்தளம் முக்கியமானதொரு வாயிலாக விளங்கியது. கடனீரேரி கடலோடு கலக்கும் பகுதிக்கு அண்மையில் அமைந்த கற்பிட்டியைக் கைக்கொண்டவர் அவ்வாயிலின் திறவுகோலையும் கைக்கொண்டவராயினர். இரண்டாம் இராஜசிங்கனின் வாணிகத்தைக் கட்டுப்படுத்துவதே கோட்டையின் தலையாய பயன். 1766ஆம் ஆண்டின் உடன்படிக்கை கண்டியைக் கரையோரத்திலிருந்து முற்றாக விலக்கியது. 1795இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. இன்று அது கடற்படையின் பொறுப்பில் உள்ளது.

கோட்டைகளைக் காட்டும் வழமையான முறை, கட்டியவர் பெயரையும் ஆண்டையும் கூறி, செங்கல் வளைவையும் முருகைக்கற் சுவரையும் சுட்டுவதோடு நிறைவெய்துகிறது. உப்பு விளைவித்தோரும் தோணி செலுத்தியோரும் பாக்குப் பொதி சுமந்தோரும் அக்கூற்றில் இடம்பெறுவதில்லை. அடைக்கப்பட்ட வாயிலின் வரலாற்றை அடைத்தவரின் பெருமையாக மட்டும் கூறுவது அரைவரலாறே.

மற்றப் பாதியைத் தேடுவோர் கற்பிட்டியிலே 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டியிடம் செல்லவேண்டும். 1834இல் வெளிவந்த அவரது ‘சிலோன் கசற்றியர்’ இலங்கையின் ஊர்களையும் மாவட்டங்களையும் ஆங்கில எழுத்துவரிசையில் விவரிக்கும் நூல். எழுத்துவரிசைக்கு மதிலும் அகழியும் இல்லை. கோட்டை கொண்ட ஊரும் கோட்டையற்ற சிற்றூரும் அங்கு ஒரே நிரலில் நிற்கின்றன. அவர் புத்தளப் பகுதி முக்குவரின் வழக்கங்களைப் பற்றி எழுதியதும், ஏறத்தாழ 200 தமிழ்ப் புலவரைத் தொகுத்து ‘தமிழ் புளூட்டாக்’ நூலை 1859இல் வெளியிட்டதும் இந்நோக்கின் தொடர்ச்சியே. ஆள்வோரின் கட்டடத்தருகே பிறந்தவர், ஆளப்பட்டோரின் பெயர்களைப் பதிவுசெய்தார்.

எனினும் அவர் பணியின் எல்லையையும் மறைத்தலாகாது. அவ்விரு நூல்களும் ஆங்கிலத்திலேயே எழுதப்பட்டன. புலவர் வரலாற்றுக்குக் கிரேக்க ஆசிரியரொருவரின் பெயரே முன்மாதிரியாயிற்று. கேள்விவழிச் செய்திகள் பல ஆராய்ச்சிக்கு உட்படாமலே அதிற் புகுந்துள்ளன. கசற்றியரில் விவரிக்கப்பட்ட ஊர்களின் மாந்தருட் பெரும்பாலோர் அதனைப் படிக்க இயலாதவராயிருந்தனர். காசிச்செட்டி அரசசேவையிற் பதவி வகித்தவர் என்பதும், அன்று நூலச்சேற்றமும் ஆட்சியும் எம்மொழியை நாடின என்பதும் இக்குறைக்கு விளக்கமாகலாம். ஆயினும் குறை குறையே.

அக்குறையை நீக்குவது பின்வந்தோர் கடன். கற்பிட்டிக்குச் செல்லும் மாணவர் கோட்டை வாயிலில் நின்று உள்ளே நோக்குவதோடு அமையாது, திரும்பிக் கடனீரேரியையும் நோக்குதல் வேண்டும். கோட்டை எவருக்கு எதிராக எழுந்தது என்பதற்கு விடை அத்திசையிலேயே உள்ளது. அவ்விடையைத் தமிழில் எழுதும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது.