கலைக்கூடம் எவர்க்கு?

கலைக்கூடம் என்ற பெயர் ஒன்றாயினும் தொழில் ஒன்றன்று. விற்பனைக்கூடம் ஓவியத்தைச் சுவரில் மாட்டி, விற்ற விலையில் தரகு பெறுகிறது. வாங்க வல்லவனே அதற்கு ரசிகன். அரசின் நூதனசாலை விற்பதில்லை. ஆனால் எதைக் காட்டுவதென்பதை அதிகாரமே தீர்மானிக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தருகே, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் வாழ்ந்த மாளிகையில் 2013இல் திறக்கப்பட்டது கடல்சார், கடற்படை வரலாற்று நூதனசாலை. எவருடைய வரலாறு என்பதை அதன் பெயரே சொல்லிவிடுகிறது.

இதே ஊரில், 1950இல் கோணேசர் கோயிலுக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது வெண்கலத் திருமேனிகள் வெளிப்பட்டன. பொலன்னறுவையில் அகழ்ந்தெடுத்த சைவ வெண்கலங்கள் பல கொழும்பு நூதனசாலைக்குச் சென்றன; இவையோ கோயிலை அடைந்தன. கொழும்பில் வார்ப்பின் நுட்பம் முழுதும் தெரியும்; இங்கே பட்டும் மாலையும் அதை மூடிவிடும். கலை மாணவனுக்கு இது இழப்புத்தான், மறுப்பதற்கில்லை. எனினும் வலைஞர் குடிப் பெண் நுழைவுச்சீட்டின்றி அவற்றின்முன் நிற்கிறாள். காட்சிப் பேழைகள் அவளை இன்னும் அழைக்கவில்லை.

இன்று வரையும் இளைஞனுக்கோ பேழையும் உதவாது, கோயிலும் உதவாது. 1943இல் கொழும்பில் '43 குழுவினர் கலைச் சங்கத்தின் சம்பிரதாயத்தை மறுத்துத் தாமே கண்காட்சி நடத்தினர். துறைமுகப் பகுதிப் பாடசாலை மண்டபங்களின் சுவர்களுக்கு அது எட்டாத காரியமா?